ஓவியருக்கு ஒரு இணையதளம்: திட்டமிடும்போது என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். முதல் சந்திப்பில் அவர்கள் கேட்பது, "டிசைன் எப்படி இருக்கும்?" நான் கேட்பது, "உங்கள் படங்களின் பட்டியல் இருக்கிறதா?" ஆளுக்கொரு விஷயம் பேசுவதுபோல் தோன்றும். அரை மணி நேரத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று புரிந்துவிடும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, வந்த வரிசையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்ஸ்டாகிராமில் இருக்கிறேனே, தனியாகத் தளம் எதற்கு?

இன்ஸ்டாகிராமை விடச் சொல்லவில்லை. நேற்று முடித்த படத்தை இன்று நாலு பேருக்குக் காட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் உங்கள் 2012 வரிசையை, அதாவது ஒரே யோசனையிலிருந்து தொடர்ந்து வரைந்த படங்களின் தொகுதியைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால்? அவர் கட்டைவிரல் தேயத் தேய உருட்ட வேண்டும். நடுவில் உங்கள் பேரனின் பிறந்தநாளும் வரும், பக்கத்து வீட்டுப் பூனையும் வரும்.

வாடகை வீட்டில் ஆணி அடிப்பது போன்ற சங்கடமும் உண்டு. 2025 தொடக்கத்தில் அந்தச் செயலி தன் சதுரக் கட்டங்களை நெடுக்குக் கட்டங்களாக மாற்றியது. ஒரு பெரிய படத்தை ஒன்பது சதுரங்களாக வெட்டி அழகாக அடுக்கி வைத்திருந்தவர்களின் பக்கம் ஒரே இரவில் கலைந்துபோனது. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் பெயரில் ஒரு முகவரி இருந்தால் அங்கே எது எங்கே தொங்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது? நிறமா, டெம்ப்ளேட்டா?

இரண்டும் இல்லை. ஒரு எக்செல் தாளிலிருந்து. கணினி ஒத்துவராது என்றால் கோடு போட்ட நோட்டு போதும்.

ஒரு படைப்புக்கு ஒரு வரி. வரிசை எண், தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா, சார்கோலா), உயரம், அகலம், இப்போது எங்கே இருக்கிறது (வீட்டிலா, கேலரியிலா, விற்றாயிற்றா), எந்தக் கண்காட்சியில் வைத்தது, படம் எடுத்தாயிற்றா. எண்ணை ஆண்டோடு சேர்த்துக் கொடுங்கள்: 2019-07 என்றால் 2019இல் முடித்த ஏழாவது வேலை. அதே எண்ணைக் கான்வாஸின் பின்பக்கமும் பென்சிலால் எழுதுங்கள். படக் கோப்பின் பெயரும் அதுவாகவே இருக்கட்டும். "ஃபைனல் புதுசு 2" என்று பெயரிட்ட கோப்புகளோடு நான் பட்ட பாடு தனிக்கதை.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். அளவை எழுதும்போது உயரம் முதலில், அகலம் பிறகு. அருங்காட்சியகங்களும் கேலரிகளும் பொதுவாக எழுதும் முறை அதுதான். ஒருவர் பழக்கதோஷத்தில் அகலத்தை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டார். 48×36 என்பதைப் பார்த்து கேலரியில் நெடுக்குவாட்டில் இடம் ஒதுக்கி, விளக்கையும் அதற்கேற்பத் திருப்பி வைத்திருந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கியது படுக்கைவாட்டுப் படம். உயரம், அகலம் என்று சொல்லாகவே எழுதிவிட்டால் இந்த வம்பு இல்லை. அங்குலத்தையும் சென்டிமீட்டரையும் இரண்டையும் தாருங்கள்; நம் ஊரில் அங்குலம் புழங்கும், வெளிநாட்டிலிருந்து கேட்பவர் பெரும்பாலும் சென்டிமீட்டரில் யோசிப்பார்.

"தலைப்பில்லை" என்று நாற்பது படங்களுக்கு எழுதினாலும் பரவாயில்லை, எண் இருக்கிறதல்லவா. எண்ணும் இல்லாமல் நாற்பது "தலைப்பில்லை" இருந்தால், "அந்த நீலமா இருக்குமே, அது" என்றுதான் வாங்க வந்தவர் கேட்க வேண்டியிருக்கும். ஓவியருக்கோ எல்லாமே நீலம்.

இந்தத் தாள் முடிந்த அன்றே தளத்தின் பாதித் திட்டம் முடிந்தது. எத்தனை வரிசைகள், எவ்வளவு இடைவெளி விட்டு வேலை செய்திருக்கிறீர்கள், நெடுக்குப் படம் அதிகமா படுக்கைப் படம் அதிகமா என்பதெல்லாம் தாளிலேயே தெரிந்துவிடும். கடைசியாகச் சொன்னதைப் பொறுத்துத்தான் பக்கத்தின் கட்டமைப்பே அமையும்.

யார் பார்ப்பார்கள் என்று நினைத்துத் திட்டமிடுவது?

மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலாமவர் கேலரி நடத்துபவர் அல்லது கண்காட்சி தொகுப்பவர். இரவு பத்து மணிக்கு, யாரோ உங்கள் பெயரைச் சொன்னதால், ஃபோனில் திறக்கிறார். சமீபத்திய வேலை என்ன, பத்து வருடம் முன்பு என்ன செய்தார், நடுவில் ஒரு தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் மூடிவிடுவார். அவருக்குத் தேவை வரிசைகள், ஆண்டுகள், கண்காட்சிப் பட்டியல்.

இரண்டாமவர் வாங்க நினைப்பவர். ஹால் சுவரை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார். எவ்வளவு பெரிது, இன்னும் இருக்கிறதா, யாரைக் கேட்பது? இந்த மூன்றுக்கும் படத்துக்குக் கீழேயே பதில் இருக்க வேண்டும்.

மூன்றாமவர் மாணவர், பத்திரிகைக்காரர், ஆய்வாளர். உங்களைப் பற்றி எழுத ஒரு பத்தியும், அச்சில் போட ஒரு புகைப்படமும் தேடுகிறார். கிடைக்காவிட்டால் வேறெங்கிருந்தோ ஒரு மங்கல் படத்தை எடுத்துப் போடுவார். பிறந்த ஊரையும் தப்பாக எழுதுவார்.

சொந்தக்காரர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் எப்படியும் "சூப்பர்" என்றுதான் சொல்லப்போகிறார்கள்.

எத்தனை படம் போடலாம்? என்னிடம் முந்நூறு இருக்கிறது.

முப்பதில் தொடங்கலாம். இருபதும் போதும்.

எந்தப் படத்தை எடுப்பது என்று உங்களைக் கேட்டால் எல்லாம் பிள்ளைகள் மாதிரிதான். அதனால் ஒரு வழி செய்வேன். எல்லாவற்றையும் தபால் அட்டை அளவில் அச்சடித்துத் தரையில் பரப்புவோம். ஓவியரும், அவர் மதிக்கும் இன்னொரு ஓவியரும் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பார்கள். இருவர் கையிலும் வந்தவை முகப்பு வரிசைக்கு. ஒருவர் கையில் மட்டும் வந்தவற்றைப் பற்றிப் பேச்சு நடக்கும், சில சமயம் சண்டையும். யார் கையிலும் வராதவை தாளில் இருக்கும், தளத்தில் இருக்காது.

ஆண்டுவாரியாகவா, ஊடகவாரியாகவா, வரிசைவாரியாகவா? எப்படி அடுக்குவது?

பெரும்பாலானவர்களுக்கு வரிசைவாரியாக அடுக்கி, உள்ளே ஆண்டு பார்த்து ஒழுங்குபடுத்துவதுதான் சரி. ஊடகவாரியாகப் பிரிப்பது கடைக்காரர் அடுக்கும் முறை. எண்ணெய் வண்ணம் ஒரு பக்கம், சார்கோல் ஒரு பக்கம் என்று பிரித்தால், ஒரே யோசனையிலிருந்து பிறந்த இரண்டு படங்கள் இரண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஓவியர் கே.எம். ஆதிமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி நூற்றாண்டை ஒட்டிய காலத்தில் அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் கறுப்பு மையில், கோடுகளாலேயே ஆனவை. பிற்காலத்தில் அவரே பெரிய கான்வாஸ்களில் உருவமற்ற வண்ணப் பரப்புகளுக்குப் போனார். ஊடகவாரியாக அடுக்கினால் இரண்டு வெவ்வேறு ஓவியர்கள்போலத் தெரியும். காலத்தை ஒட்டி வரிசைகளாக வைத்தால்தான் கோட்டிலிருந்து நிறத்துக்கு ஒருவர் நடந்துபோனது தெரியும். அந்த நடையைக் காட்டத்தான் வரிசைக்கு ஒரு பக்கம், பக்கத்தின் தலையில் மூன்று நான்கு வாக்கியத்தில் ஒரு குறிப்பு.

புதியது முதலிலா, பழையது முதலிலா? புதியது முதலில். மறைந்த ஓவியர் என்றால் மட்டும் பழையதிலிருந்து தொடங்குவேன்.

முகப்பில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு படம். உங்கள் பெயர். நான்கே சொல் கொண்ட மெனு: படைப்புகள், கண்காட்சிகள், அறிமுகம், தொடர்பு.

ஐந்து நொடிக்கொரு முறை தானாக நகரும் படங்கள் வேண்டாம். பார்க்கத் தொடங்கும்போதே இழுத்துக்கொண்டு போய்விடும். "நல்வரவு" வேண்டாம். வீணை இசை வேண்டாம், சத்தியமாக வேண்டாம்.

2000களில் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் கதவு திறப்பதுபோல, திரை விலகுவதுபோல எத்தனையோ ஓவியர் தளங்கள் செய்தார்கள். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை அடோபி நிறுத்தியது. அந்தத் தளங்களைத் திறந்தால் இன்று வெறும் சாம்பல் பெட்டிதான் தெரிகிறது. வேடிக்கை காட்டும் தொழில்நுட்பத்துக்கு ஆயுள் குறைவு. சாதாரணப் பக்கத்தில் சாதாரணமாக வைத்த படம் அன்றும் திறந்தது, இன்றும் திறக்கிறது.

ஃபோனில் எடுத்த படங்கள் போதுமா?

நல்ல ஃபோன் போதும். எடுக்கும் விதம்தான் போதாமல் போகிறது. பணம் செலவழிக்க ஒரே ஒரு இடம் என்றால் அதை இதில்தான் செலவழிக்கச் சொல்வேன். பழக்கமுள்ள புகைப்படக்காரர் ஒரே நாளில் முப்பது படம் எடுத்துத் தந்துவிடுவார்.

நீங்களே எடுப்பதாக இருந்தால், மேகம் போட்ட காலையில் மொட்டை மாடி அருமையான ஸ்டுடியோ. நேர் வெயில் கூடாது. கண்ணாடி போட்டு பிரேம் அடிப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். படத்தைச் சுவரில் செங்குத்தாக நிறுத்தி, ஃபோனின் லென்ஸ் படத்தின் நட்டநடுவுக்கு நேராக வரும்படி முக்காலியில் வையுங்கள். கிட்டே போய் எடுத்தால் ஓரங்கள் வளையும். நாலடி பின்னால் தள்ளி நின்று, இரண்டு மடங்கு லென்ஸில் எடுங்கள். ஒவ்வொரு படைப்புக்கும் மூன்று: முழுப்படம், தூரிகைத் தடம் தெரியும் ஒரு நெருக்கம், நாற்காலியோ ஆளோ பக்கத்தில் இருக்க அளவு தெரியும்படி ஒன்று. எனக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். டாகுமென்டாக அனுப்புங்கள்.

தஞ்சாவூர் ஓவியம் செய்பவர்களுக்கு ஒரு தனிப் பாடம் உண்டு. தங்க ரேக்கு தன் எதிரே இருப்பதைத்தான் காட்டும். இருட்டறையில் ஒரு விளக்கை வைத்து எடுத்தால் ரேக்கு முக்கால்வாசி கறுப்பாகவும் ஒரே ஒரு இடத்தில் வெள்ளைப் பொட்டாகவும் விழும். கும்பகோணத்துப் பக்கம் ஒரு வீட்டில் இப்படித்தான் காலை முழுக்கத் தோற்றுக்கொண்டிருந்தோம். கிருஷ்ணரின் கிரீடம் கரிபிடித்த சட்டி மாதிரி இருந்தது. கடைசியில் வீட்டுக்காரர் கொடியில் காய்ந்துகொண்டிருந்த எட்டு முழ வேட்டியை எடுத்துவந்தார். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, படத்துக்கு எதிரே கேமராவுக்கு மேலாக விரித்தோம். ரேக்குக்கு எதிரே இப்போது இருட்டுக்குப் பதில் வெளுப்பு. கிரீடம் பொன்னாக வந்துவிட்டது. கற்களில் மட்டும் சின்னச் சின்ன மினுக்கு. அது இருக்கலாம், இருக்க வேண்டும். தெர்மகோல் அட்டையும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அன்று கைக்குக் கிடைத்தது வேட்டி.

நிறம் என் ஃபோனில் ஒரு மாதிரி, மகள் லேப்டாப்பில் வேறு மாதிரி தெரிகிறதே?

ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு மாதிரிதான். அதை யாராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. செய்யக்கூடியது இரண்டு. படம் எடுக்கும்போது ஒரு சாம்பல் அட்டையை ஓரத்தில் வைத்து முதல் படத்தை எடுங்கள். பிறகு திருத்தும்போது அதை வைத்து வெளிச்சத்தின் மஞ்சளையும் நீலத்தையும் நீக்கலாம். அடுத்து, கோப்பை எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற நிறவெளியில், அதாவது திரைகளுக்கான பொது நிற முறையில் சேமியுங்கள். அச்சுக்காரர்கள் விரும்பும் அடோபி ஆர்ஜிபியில் சேமித்ததை அப்படியே இணையத்தில் ஏற்றினால் சில திரைகளில் குங்குமம் செங்கல்லாகிவிடும்.

படத்தைத் திருடிவிட மாட்டார்களா?

திருடுவார்கள். குறுக்கே பெரிதாகப் பெயர் அடித்து வைத்தால் திருடன் வேறு படத்தைப் பார்ப்பான். வாங்க வந்தவரும் வேறு ஓவியரைப் பார்ப்பார். வலது கிளிக்கைத் தடுத்து வைப்பதால் பயனில்லை, ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் குழந்தைக்கும் தெரியும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி (பிக்சல்) வேண்டும். நீளமான பக்கம் 1600 புள்ளி இருக்கும்படி படத்தைச் சுருக்கி ஏற்றினால், அதைத் தரமாக அச்சிடக்கூடிய அளவு ஐந்தரை அங்குலத்துக்கும் குறைவு. ஃபோன் திரையில் பிரமாதமாகத் தெரியும். போஸ்டராக அடித்து விற்க உதவாது. அந்த அளவில் ஜேபெக் (JPEG) அல்லது வெப்பி (WebP) வடிவில் சேமித்தால் பக்கமும் சட்டென்று திறக்கும். கேமரா கக்கிய ஐந்து எம்பி கோப்பை அப்படியே ஏற்றினால் கிராமத்து நெட்டில் பாதிப் படம் திறப்பதற்குள் பார்ப்பவர் போய்விடுவார். கோப்புக்குள்ளேயே உங்கள் பெயரையும் பதிப்புரிமைக் குறிப்பையும் எழுதிவிடலாம். படத்தின் மேல் தெரியாது, ஆனால் கோப்போடு சேர்ந்து போகும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு: நுணுக்கமே உயிராக உள்ள வேலைகள். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் தொடங்கிவைத்த கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை நினைத்துப் பாருங்கள். எழுத்துபோன்ற கிறுக்கல், ஜாதகக் கட்டம், கணக்குக் குறி என்று பொடிப்பொடியாக நிரம்பியிருக்கும். அந்த மாதிரி வேலையை 1600 புள்ளியில் காட்டினால் எறும்பு ஊர்வதுபோல்தான் தெரியும். அப்போது முழுப்படத்தைச் சிறிதாக வைத்து, இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் பெரிதாகக் காட்டுவேன்.

பின்னணி கறுப்பா, வெள்ளையா?

உங்கள் படங்கள்தான் சொல்ல வேண்டும். பளீர் வெள்ளையில் வைத்தால் இருண்ட படம் இன்னும் இருண்டு போகும். கறுப்பில் வைத்தால் எல்லாமே கொஞ்சம் நகைக்கடை விளம்பரம் மாதிரி மின்னும். காகிதத்தில் வரைந்த நீர்வண்ணமோ ஓட்டை விழுந்த ஜன்னல்போல் துருத்தும். வெள்ளைக்கு அருகான, நிறம் எந்தப் பக்கமும் சாயாத வெளிர் சாம்பல் பெரும்பாலும் கைகொடுக்கும். உங்களுக்குப் பிடித்த மெரூன், பச்சை எல்லாம் கான்வாஸிலேயே இருக்கட்டும்.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

முடிந்தால் இரண்டிலும். தமிழை ஓரத்தில் ஒரு பொத்தானாக ஒளித்துவைக்காமல் ஆங்கிலத் தலைப்புக்குப் பக்கத்திலேயே தலைப்பாக வையுங்கள். தமிழில் யோசித்து வைத்த பெயரை ஆங்கிலத்தில் மட்டும் போடுவது அநியாயம்.

தமிழ் வைப்பதற்கென்று சில வேலை இருக்கிறது. நம் சொற்கள் நீளம். "கண்காட்சிகள்" என்ற ஒரு சொல்லே சின்ன ஃபோனில் மெனுவை உடைக்கும். வடிவமைப்பவர் ஆங்கிலச் சொல்லை வைத்து அளந்துவிட்டுப் பிறகு தமிழைத் திணித்தால் இப்படித்தான் ஆகும். வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் மேல்வரியின் "கூ"வும் கீழ்வரியின் "கீ"யும் முட்டிக்கொள்ளும். எழுத்துருவில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, காட்டமரன் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

பழைய கேட்லாக்கின் தமிழ்க் குறிப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருந்தால், தளத்தில் ஒட்டும்போது ஆங்கில எழுத்துகளைக் குலுக்கிப் போட்டதுபோல் வரும். இணையத்தில் எல்லாக் கருவியும் படிக்கும் யுனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் உண்டு. மாற்றிய பின் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

அப்புறம் உங்கள் பெயர். எழிலரசன் என்பதில் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட்-ஹெச் போடுவதா, எல் போடுவதா? முருகேசனுக்கு ஜி-யா, கே-யா? இனிஷியல் முன்னாலா பின்னாலா, ஒன்றா இரண்டா? விருதுச் சான்றிதழில் ஒருவிதம், கேட்லாக்கில் ஒருவிதம், பாஸ்போர்ட்டில் ஒருவிதம் என்று இருந்தால் தேடுபவருக்கு நீங்கள் மூன்று ஆள். ஒன்றை முடிவு செய்யுங்கள். டொமைன் (தளத்தின் முகவரி), இன்ஸ்டாகிராம், கான்வாஸ் பின்பக்கம் எல்லாவற்றிலும் அதுவே. மற்ற எழுத்துக்கூட்டல்களை அறிமுகப் பக்கத்தில் ஒரே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

அறிமுகம் எழுத வரவில்லை. "இருத்தலின் ஆழ்மனத் தேடல்" என்று ஏதாவது போடட்டுமா?

வேண்டாம். அதைப் படித்துவிட்டு யாரும் எந்தப் படத்தையும் அடையாளம் கண்டுகொள்ள முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து உங்களைப் பேசவைத்து ஃபோனில் பதிவு செய்வேன். ஒருவர் முதல் பத்து நிமிடம் "அழகியல்", "பிரக்ஞை" என்றே பேசினார். காபி வந்த பிறகு, "எங்கப்பா சாயப்பட்டறையில வேலை பார்த்தார், சாயங்காலம் அவர் கை என்ன நிறத்துல இருக்கோ அதை வச்சுத்தான் அன்னைக்கு என்ன ஆர்டர்னு கண்டுபிடிப்போம்" என்றார். அறிமுகம் அங்கேயே கிடைத்துவிட்டது.

நூற்றைம்பது சொல் போதும். கீழே கல்வி, கண்காட்சிகள், சேகரிப்புகள் என்று பட்டியல், ஆண்டோடு. எழும்பூர்க் கவின்கலைக் கல்லூரியிலோ கும்பகோணத்துக் கவின்கலைக் கல்லூரியிலோ படித்திருந்தால் எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்று எழுதுங்கள். கூடப் படித்தவர்கள் தேடி வருவார்கள், அதுவும் ஒரு லாபம்.

விலை போடலாமா?

ஏதாவது கேலரியோடு ஏற்பாடு இருந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சுவரில் ஒரு விலை, உங்கள் தளத்தில் அதைவிடக் குறைவு என்றால் உறவு அன்றோடு முடியும். கேலரி இல்லாமல் நேரடியாக விற்பவர் என்றால், சிறிய வேலைகளுக்கும் அச்சுப் பிரதிகளுக்கும் விலையைப் போட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே திரும்பிப் போகிறவர்கள் நிறைய. பெரிய வேலைகளுக்கு "விலை அறிய" என்று ஒரு வாட்ஸ்அப் இணைப்பு. அதில் படத்தின் எண்ணும் தலைப்பும் தானாகவே செய்தியில் வந்து நிற்கும்படி செய்யலாம். வாங்குபவர் அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தினால் போதும். மறுபடி "அந்த நீலமா இருக்குமே" என்ற கதை வராது.

விற்றவற்றை எடுத்துவிடாதீர்கள். "விற்பனையானது" என்று சின்னதாக எழுதி வையுங்கள்.

விற்ற படத்தையும், ஆர்டரின் பேரில் வரைந்த உருவப்படத்தையும் தளத்தில் போட உரிமை உண்டா?

இரண்டும் வேறு. நீங்களாக வரைந்து விற்ற படத்தில் வாங்கியவருக்குப் போவது கான்வாஸ்தான். எழுத்து மூலம் எழுதிக் கொடுத்தாலொழிய பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறது. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியமோ உருவப்படமோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஓவியர்கள் பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். அட்வான்ஸ் வாங்கும்போதே, "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், தன் தளத்தில் காட்டிக்கொள்ளலாம்" என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் தீர்ந்தது.

ஏஐ நிறுவனங்கள் என் படங்களை அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்க முடியுமா?

"இந்தப் பக்கம் வராதே" என்று பலகை மாட்டலாம். தளத்தில் ரோபோட்ஸ் கோப்பு என்று ஒன்று உண்டு, அதில் குறிப்பிட்ட நிறுவனங்களின் தானியங்கிகளைப் பெயர் சொல்லித் தடுக்கலாம். மதிப்பவர் மதிப்பார். பூட்டு அல்ல, பலகைதான்.

நான் கல்லில் வேலை செய்கிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பட்டியல், எண், வரிசை எல்லாம் பொருந்தும். அளவில் ஆழமும் எடையும் சேரும். எடை இல்லாமல் லாரிக்காரருக்கோ கப்பலுக்கோ பதில் சொல்ல முடியாது. ஒரு சிலைக்கு நான்கு பக்கமும் படம், பக்கவாட்டு வெளிச்சத்தில். நேர் வெளிச்சத்தில் உளித்தடம் அழிந்துவிடும். மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்கு இன்னொன்றும் சொல்வேன்: பட்டறையில் செதுக்கும்போது ஆண்டு தெரியும்படி எடுத்த படங்களைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். மரபு முறையில் செய்த புதுச் சிலையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டிவரும். அப்போது அந்தப் படங்கள் பேசும்.

டெம்ப்ளேட்டில் நானே செய்யலாமா, உங்களிடம்தான் தர வேண்டுமா?

பட்டியலும் படங்களும் தயாராக இருந்தால் நீங்களே செய்யலாம். வேர்ட்பிரஸ், விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் எதிலும் ஓவியருக்கேற்ற எளிமையான டெம்ப்ளேட் உண்டு. படத்தைச் சதுரமாக வெட்டிக் காட்டும் டெம்ப்ளேட்டை மட்டும் தொடாதீர்கள். படத்தின் ஓரம் எங்கே முடிய வேண்டும் என்று நீங்கள் மூன்று வாரம் யோசித்திருப்பீர்கள்.

யாரிடம் கொடுத்தாலும், டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பணத்தில் பதிவாக வேண்டும். என்னிடம் வந்த ஒருவரின் பழைய வடிவமைப்பாளர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்திருந்தார். தொழிலை விட்டு எங்கோ போய்விட்டார், ஃபோன் எடுப்பதில்லை. ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளில்லாமல் முகவரி காலாவதியானது. இப்போது அந்த முகவரியில் ஏதோ சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. ஓவியரின் பழைய கேட்லாக்குகள் எல்லாவற்றிலும் அந்த முகவரிதான் அச்சாகியிருக்கிறது.

எவ்வளவு நாளுக்கொரு முறை புதுப்பிப்பது?

ஒரு வரிசை முடிந்தால், ஒரு கண்காட்சி முடிந்தால். "விரைவில்" என்று எழுதிய காலிப் பக்கம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அப்பா ஓவியர். காலமாகிவிட்டார். வீட்டில் படங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. நாங்கள் எப்படித் தொடங்குவது?

முதலில், படங்கள் தரையில் இருந்தால் இன்றே மேலே ஏற்றுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் சுருட்டி வைத்த கான்வாஸ்களை இழந்தவர்களை எனக்குத் தெரியும். சிலருக்கு மிஞ்சியது ஃபோனில் சாய்வாக எடுத்த படங்கள் மட்டுமே.

பதிப்புரிமை ஓவியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் இருக்கும். அதுவரை வாரிசுகளுடையது. எனவே யார் சார்பில் யார் முடிவெடுப்பது என்று அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்பா கையெழுத்திடாத படத்தில் நீங்கள் கையெழுத்திடாதீர்கள், எவ்வளவு நன்றாக அவரைப்போல் போட வந்தாலும். தலைப்பு தெரியாவிட்டால் புதிதாகச் சூட்டாதீர்கள். ஆண்டு தெரியாவிட்டால் "1980களின் தொடக்கம்" என்று தெரிந்த அளவுக்கு எழுதுங்கள்.

பட்டியல் போட உட்காரும்போது முன்பக்கத்துக்கு முன்னால் பின்பக்கத்தைப் படம் எடுங்கள். கண்காட்சிச் சீட்டு, கேலரி முத்திரை, பென்சிலில் கிறுக்கிய விலை எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு குடும்பத்தில் இப்படிப் புரட்டியபோது ஒரு கான்வாஸை இழுத்துக் கட்டியிருந்த ஸ்ட்ரெச்சர் கட்டையில் மளிகைக்கடை பாக்கி எழுதியிருந்தது, தேதியோடு. அந்தப் படத்தின் ஆண்டு அப்படித்தான் கிடைத்தது.